டாங்கி வலையில் பாகற்காய்

1
இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன். (இடது கையால் எழுதுவதால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.) ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயில் வழியில் நின்றுவிட்டபோது, பக்கத்து இருக்கை யோசப் தன் மனைவி டொறத்தியைப் பற்றிச் சொன்ன கதை இது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘யாழ்ப்பாணத்தில் போருக்குத் தப்பிய பெண், ஜெர்மனியில் இன்னொரு போருக்காக...’

பிறகு யோசப் வீட்டுக்குப் போனபோது, இதை டொறத்தியிடமே வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு தொழிற்சாலையில் கார் இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவர். யுக்ரேனில் சண்டை மூண்டதும் தொழிற்சாலைக்கு ராணுவ ஆர்டர் வர, இப்போது அதே மெஷினில் டாங்கிகளை மூடும் மறைப்பு வலை தைக்கிறார்.

“ஒளிக்கத்தானே அண்ணை தைக்கிறன். ஒளிக்கத் தெரிஞ்சபடியாத்தான் உயிரோட இருக்கிறன். உந்த வசனத்தை வெட்டுங்கோ.”

வெட்டிவிட்டேன். (மேலே இருப்பது வெட்டிய வாக்கியம்.)

3
கழிவு வலைத் துண்டொன்றை டொறத்தி பைக்குள் சுருட்டி வந்து, தோட்டச் சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த சிறு தோட்டத்தில் பாகற்பந்தலாகக் கட்டினார். தொழிற்சாலையிலிருந்து நூல்கூட வெளியே போகக் கூடாது; பிடிபட்டால் வேலை போய்விடும். பச்சை வலை, பச்சைக் கொடி. கொஞ்ச நாளில் தோட்டமே கண்ணில் படவில்லை. தண்ணீர் ஊற்றப் போன யோசப், அடுத்த தோட்டத்துத் தக்காளிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.*

அப்போதுதான் தோட்டச் சங்கத் தலைவர் வேலி உயரம் அளக்க வருகிறார் என்று தகவல் வந்தது. தலைவர் வேறு யாருமில்லை: தொழிற்சாலையில் டொறத்தியின் மேலாளர் கெஸ்லர். வலையைக் கழற்றப் போனால், கொடி வலையின் கண்ணுக்குக் கண் பின்னிக் கிடந்தது. வெட்டி எறி என்று யோசப் கெஞ்சினார்.

“பிஞ்சு பிடிச்சிருக்கு. ஏலாது. உள்ளுக்க வாங்கோ.”

இருவரும் பந்தலுக்குள் குந்திக்கொண்டார்கள்.

* மூன்றாம் முறையும் அங்கேயே ஊற்றியபோது அந்தத் தோட்டக்காரர்கள் காப்பி கொடுத்தார்கள்.

4
முடிவு அ: கெஸ்லர் அளவுநாடாவோடு வந்து, இங்கே ஒரு தோட்டம் இருந்ததே என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போகிறார்.

முடிவு ஆ: யோசப் தும்முகிறார். கெஸ்லர் குனிந்து, தையலை விரலால் தடவி, “இது நம்முடைய வலையா?” என்கிறார்.

“எந்த வலை?” என்கிறார் டொறத்தி.

முடிவு இ: கெஸ்லர் நிமிர்ந்து...

டொறத்தியிடம் கேட்டேன். இரண்டு பாகற்காயை என் கையில் வைத்தார். அவருக்கு வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தத் தொழிற்சாலையில் தைப்பது பனிக்கால வலை மட்டுமே. அது சுத்த வெள்ளை. பச்சை வலையா? எந்த வலை?