படிக்காத எலிக்கும் மூளை பளபளத்தது

1

இந்தக் கதை ஒரு வாழ்த்துரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கடலூரில் 'சான்றோர் போற்றும் பேரவை' என்று ஓர் அமைப்பு. அதன் தலைவர் அறிவழகன், போற்றச் சான்றோர் கிடைக்காத மாதங்களில் தன்னையே போற்றிக்கொள்பவர். நரம்பியல் விஞ்ஞானி டாக்டர் இளவரசிக்கு 'மூளைமாமணி' பட்டம் தரப்போவதாகவும், விழா மலருக்கு அவர் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் நான் எழுதித் தரவேண்டும் என்றும் போன் செய்தார்.

"கொஞ்சம் ஒசத்தியா எழுதுங்க சார். படிச்சா புரியக் கூடாது, ஆனா புல்லரிக்கணும்."

எழுதினேன்:

'குமராட்சியின் வயல்வெளியில் உதித்து, மூலக்கூற்று உயிரியலின் முகடுகளில் மிதந்து, மானுட மூளையின் இருட்குகைக்குள் ஒளிவிளக்கேந்தி நுழைந்த—'

(நுழைந்தவரை வெளியே கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

2

வேறு தொடக்கம். இளவரசி பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கி, ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு, சிதம்பரத்தை ஒட்டிய ஓர் ஆய்வு நிலையத்துக்கு வந்தவர். இருபது வருடமாக ஒரே ஒரு புரதத்தின் பின்னால் அலைகிறார். ஓர் எலி புது வழியைக் கற்றுக்கொள்ளும்போது அதன் மூளையில் எந்த இடத்தில் அந்தப் புரதம் கூடுகிறது? இதுதான் கேள்வி. இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது எங்கெங்கே கூடவில்லை என்பதுதான்.*

* இதை அறிவழகனிடம் சொன்னேன். "இல்லைங்கறத எப்படி சார் பேனர்ல போடுறது?" என்றார்.

போன வருடக் கடைசியில் விடை கிடைத்தது. புதிர்ப்பாதையில் பழக்கிய எலிகளின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும்படி சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், யாரும் எதிர்பார்க்காத ஒரு மூலையில் பச்சைப் புள்ளிகள். பழக்காத எலிகளில் அவை இல்லை. இளவரசியும் அவருடைய ஆய்வு மாணவி சுவேதாவும் எழுதிய கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்டது. கட்டுரை அச்சாவதற்குள் இங்கே பேனர் அச்சாகிவிட்டது. குடிகாடு கிராமத்துப் பெண்ணான சுவேதாவின் டாக்டர் பட்டமும் அந்தப் பச்சைப் புள்ளிகளை நம்பித்தான் நிற்கிறது.

3

இந்த இடத்தில் இளவரசி என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரையின் சோதனையை யாராவது மறுபடி செய்து பார்ப்பார்களா? கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற வேலை. பேசாமல் பட்டுப்புடவை எடுக்க அவரைக் கடைக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். போகவில்லை. விழா வாரத்தில் பழக்காத எலிகளின் மூளையை மறுபடி வெட்டிப் பார்த்தார்.

பளபளவென்று பச்சை.

"மேடம், இதுங்க ஒண்ணுமே படிக்கலியே!" என்றாள் சுவேதா.

"படிக்காமயே பாஸாயிடுச்சு."

சிரித்துக்கொண்டே இளவரசி பழைய குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். போன வருடம் பழக்காத எலிகளை எப்போது வெட்டினோம்? ஆயுத பூஜைக்கு முன்னால். பழக்கிய எலிகளை? ஆயுத பூஜைக்குப் பின்னால்.

(ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜையா என்று கேட்கும் வாசகர் நம்மூர் ஆய்வுக்கூடம் எதற்குள்ளும் நுழைந்ததில்லை. ஃப்ரீசரிலிருந்து மூளை வெட்டும் கத்தி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பொரிகடலையும் உண்டு.)

போன வருடம் பொட்டு வைத்தவர் இளவரசியே. மாணவப் பிள்ளைகள் விரலால் அப்பினால் விலையுயர்ந்த கருவிகள் பாழாகும் என்று, குழைத்த மஞ்சளை மெல்லிய பிரஷ் ஒன்றால் தொட்டுத் தொட்டுக் கோலம் போடுவதுபோல வைத்தார். மூளைச் சீவலைத் தூக்கிக் கண்ணாடித் தகட்டில் வைப்பதற்கான பிரஷ் அது. பூஜை முடிந்ததும் தண்ணீரில் அலசி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். மஞ்சள் தண்ணீருக்கெல்லாம் போகுமா? ஒவ்வொரு சீவலையும் அந்த பிரஷ் தொட்டுத் தூக்குவது எப்போதும் ஒரே மூலையில்தான்.

பிரஷை மைக்ரோஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் காட்டினார். எலி மூளையைவிட அமோகமாகப் பச்சையில் ஜொலித்தது. மஞ்சளுக்கு அந்தக் குணம் உண்டென்று அவர் எம்.எஸ்ஸி.யிலேயே படித்திருக்கிறார்.

4

முடிவு அ: வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார். அவருக்குப் பொன்னாடை, சுவேதாவுக்கு டாக்டர் பட்டம். எங்கோ ஒரு ஜப்பான்காரர் அந்தப் பச்சையைத் தேடித் தேடிக் கிறுக்காகிறார். (எழுத மிக நன்றாக வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன்.)

முடிவு ஆ: மேடையில் உண்மையைப் போட்டு உடைக்கிறார். அரங்கமே உறைகிறது. கடைசி வரிசையிலிருந்து ஒற்றைக் கைதட்டல் எழுந்து— (வேண்டாம். சினிமாவில் பார்த்தாகிவிட்டது.)

5

ஞாயிற்றுக்கிழமை காலை கடலூருக்குப் போகும் காரில் இளவரசி சொன்னார்: "கட்டுரைய வாபஸ் வாங்கப் போறேன் சுவேதா. ஒனக்கு ரெண்டு வருஷம் போயிடும். என்னாலதான்."

சுவேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள்.

"எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம். ஊர் பூரா டாக்டர் டாக்டர்னு சொல்லி வச்சிருக்கு. நான் சொன்னா தொடப்பக்கட்டய எடுக்கும்."

மேடையில் இளவரசி மைக்கைப் பிடித்தார். "நான் கண்டுபிடிச்சது நெனப்பு தங்குற எடம் இல்லீங்க. மஞ்சத்தூளு. தப்பு என்னுது. கட்டுரைய திரும்ப வாங்கிக்கறேன்."

அரங்கம் உறைந்தது உண்மைதான். ஆனால் அறிவழகன் உறையவில்லை. மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தீங்களா! மூளைக்கு ஒளி குடுக்கறது மஞ்சள்! நம்ம முன்னோருக்கு அன்னிக்கே தெரியும். ஜெர்மனி வரைக்கும் போயி படிச்ச அம்மாவே இன்னிக்கு ஒத்துக்கிட்டாங்க!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இரண்டாவது பொன்னாடை விழுந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் கொளஞ்சியப்பன் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஒரு நாளைக்கி எத்தினி ஸ்பூனும்மா? பால்லயா, வெந்நீர்லயா?"

"ஐயா, நான் சொல்ல வந்தது என்னான்னா—"

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் அல்ல. மைக்கை அணைத்துவிட்டார்கள்.)

6

திரும்பும் வழியில் புவனகிரி டீக்கடை. இதழாசிரியருக்கான வாபஸ் மெயிலை இளவரசி மடிக்கணினியில் திறந்துவைத்துக்கொண்டு சுவேதாவைப் பார்த்தார்.

"அம்மா போன் பண்ணுச்சு" என்றாள் சுவேதா. "லைவ்ல பாத்திருக்கு. 'மஞ்சள கண்டுபுடிச்சது நீயாடி?'ன்னு கேக்குது."

இளவரசிக்குச் சிரிப்பில் டீ புரை ஏறியது. இருமி முடிப்பதற்குள் சுவேதாவே கையை நீட்டி மெயிலை அனுப்பிவிட்டாள்.

பிறகு, ரொம்ப மெதுவாக: "ஒண்ணு சொல்லணும் மேடம். நேத்து தனியா செஞ்சு பாத்தேன். புது பிரஷ், புது சாயம், புது தகடு. எல்லாத்துலயும் பச்ச போயிடுச்சு. ரெண்டுல மட்டும் இருக்கு."

"எந்த எலி?"

"பழக்குன எலி. ரெண்டும்."

"எந்த எடத்துல?"

"அதே மூலையில."

இளவரசி டம்ளரைக் கீழே வைத்தார். "வெட்டுன கத்தி?"

சுவேதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கத்தி... பழசுதான் மேடம்."

அந்த இரண்டு சீவலில் இருப்பது எலியின் நினைவா, கத்திக்கு வைத்த பொட்டா? எனக்குத் தெரியாது, உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எழுதி முடித்துக்கொள்ளுங்கள். இளவரசியிடம் மட்டும் கேட்காதீர்கள். பேச அவருக்கு நேரமில்லை. பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு, புதுக் கத்தி எந்த அலமாரியில் இருக்கிறது என்று சுவேதாவைக் கேட்டுக்கொண்டே காரைக் கிளப்பிவிட்டார்.