பார்க்காத கத்தி

இஸ்திரிக் கடைக்காரர் அந்தக் கத்தியை முதன்முதலாகப் பார்த்ததே நீதிமன்றத்தில்தான். ஆனால், அது தன் கண் முன்னால் எடுக்கப்பட்டதாக அவர் கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடைக்குப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா கொலையான மறுநாள், இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்து தாளை நீட்டினார். "அவங்க வீட்டு அலமாரியில கத்திய எடுத்ததுக்கு, சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதாண்ணே." இரண்டு சட்டைகளைத் தேய்ப்பதற்கு நடுவே இவரும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது சாட்சிக் கூண்டில் அவர். எதிரே குற்றவாளிக் கூண்டில் அக்காவின் புருஷன், தலை குனிந்து. சுவரோரம் இன்ஸ்பெக்டர், வைத்த கண் வாங்காமல். கடைசி பெஞ்சில் அக்காவின் மகள். காலையில் வராந்தாவில் அவள், "உங்களத்தான் மாமா நம்பியிருக்கேன்" என்று சொல்லியிருந்தாள்.

புருஷனின் வக்கீல் எழுந்தார். "அலமாரியத் திறந்தப்போ எங்க நின்னீங்க?"

அலமாரி எந்த அறையில் இருக்கிறது? அவர் அந்த வீட்டு வாசற்படிகூட மிதித்ததில்லை. கொன்றவன் இவன்தான் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் சத்தியம் செய்த வாயால் பார்த்தேன் என்று சொல்ல வரவில்லை.

"நான் அங்க போகவே இல்லீங்க. கடையில வச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடிப்பது தெரிந்தது. கடைக்காரர் அவசரமாக நீதிபதி பக்கம் திரும்பினார். "ஆனா ஐயா, இவன் அக்காவ அடிக்கிற சத்தம் சுவரு வழியா கேக்கும். வருஷக்கணக்கா கேட்டிருக்கேன்."

"சம்பவம் நடந்த அன்னிக்குக் கேட்டீங்களா?" என்றார் நீதிபதி.

அன்று அவர் கடையே திறக்கவில்லை. கேட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். மகள் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லீங்க."

கத்தியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை; அதை எடுத்ததற்கும் இப்போது சாட்சி இல்லை. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி அவனை விடுவித்தார். மகள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கடைப் பக்கம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் தினமும் கடை எதிரே ஜீப்பை நிறுத்தி, இவரை முறைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் புருஷன் நாலு சட்டைகளோடு வந்தான். "நீங்க இல்லேன்னா நான் உள்ளதான் இருந்திருப்பேன். இந்த உதவிய மறக்க மாட்டேன்."

"உனக்காகச் சொல்லல" என்றார் அவர். "துணிய எடுத்துட்டுப் போ."

அவன் சிரித்தான். மேசை மேலேயே சட்டைகளை வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த தன் வீட்டுக்குள் போனான். கதவு தாழிடும் சத்தம் இவருக்குத் துல்லியமாகக் கேட்டது.