தாண்டிப் போகச் சொன்னவள்

உப்பளப் பெண்கள் சங்கத்துக்காகத் தான் தயாரித்த இணையப் பக்கத்தை, வெளியிடும் முன் ஆரோக்கியசெல்வி தலைவி கொளஞ்சியம்மாளின் போனில் திறந்து காட்டினாள். ‘இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல’ என்று சிவப்பாக எச்சரிக்கை வந்தது.

“அது சும்மாக்கா. நம்ம பக்கம்தான், இன்னும் என் லேப்டாப்புலருந்து வருது, அதான். தாண்டிப் போங்க.” அதற்கு மேல் விளக்க அவளுக்குச் சோம்பல்.

மறுவாரம் கொளஞ்சியம்மாள் ஏதோ போலிப் பக்கத்தில் வந்த அதே எச்சரிக்கையையும் தாண்டிப் போய், சங்கத்தின் ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். அந்த ஃபேஸ்புக்கில் யாரோ ஆபாசப் படங்களைப் போட்டுவிட்டார்கள்.

கூட்டத்தில் எல்லோரும் ஏசினார்கள். “படிக்காதவ, தெரியாம பண்ணிட்டேன்” என்று கொளஞ்சியம்மாள் அழுதாள். ஆரோக்கியசெல்வியின் பெயரை அவள் சொல்லவே இல்லை.

ஆரோக்கியசெல்வி மெல்ல எழுந்தாள்.

“தாண்டச் சொல்லிக் குடுத்ததே நான்தாங்க.”

கொளஞ்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, உக்காரும்மா” என்றாள். அவளை நிமிர்ந்து பார்க்க ஆரோக்கியசெல்வியால் முடியவில்லை.