பல்மருத்துவர் ராதோஸ்லாவைக் கீழே இறக்கிய பாட்டு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, ப்ளோவ்டிவ் நகரத்துப் பல்மருத்துவர் ராதோஸ்லாவ் யாவோரித்சா மலையின் பனிச்சரிவில் கீழ்நோக்கிச் சறுக்கத் தொடங்கி, நாற்பது மீட்டர் போன பிறகு மேல்நோக்கிப் போனார். சரிவு இறங்கியது, அவர் இறங்கவில்லை. காலில் சறுக்குப் பலகைகளும் கையில் ஊன்றுகோல்களும் அப்படியே இருக்க, ஒரு தேவதாரு மரத்தின் நுனிக்கு மேலே போய் நின்றுகொண்டார். அன்று நல்ல வெயில். பனி முழங்கால் ஆழம் இருந்தது. சறுக்குகிறவர்களை மேலே ஏற்றிவிடும் கம்பிவட லிஃப்ட்டில் கூட்டம் குறைவு.

அவர் குடும்பம், அவருடைய மச்சான் லூபெனின் குடும்பம், இன்னும் சில நண்பர்கள் என்று பதினான்கு பேர் பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாவோரித்சாவுக்குச் சறுக்க வருகிறார்கள். தங்குவது ஹரலாம்பியின் விடுதியில். ஹரலாம்பி காய்டா வாசிக்கிறவர். ஒரு முழு ஆட்டின் தோலில் தைத்த காற்றுப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதுகிற வாத்தியம் அது. ஒரு குழல் பாட்டைச் சொல்லும், நீளமான ஒத்துக்குழல் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருடங்களில் இந்தப் பதினான்கு பேரும் அதை ஒரு முறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. லூபென் பெட்டி அளவுக்கு ஒரு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து, மாடத்தில் வைத்து, யாருக்கும் புரியாத மொழியில் ஆட்டப் பாட்டுகள் போடுவான். காய்டாவை அவன் ஆட்டுக்கு வந்த வயிற்றுவலி என்பான். இந்த வருடம் முதல் நாள் குளிரிலேயே ஒலிபெருக்கி விறைத்துப்போனது. அதனால் பிப்ரவரி பத்தாம் தேதி, ஹரலாம்பியின் பெயர்நாள் மதிய விருந்துக்கு, அதாவது அவர் பெயரைக் கொண்ட புனிதரின் திருநாள் விருந்துக்கு, வேறு வேலை இல்லாமல் பதினான்கு பேரும் கீழே இறங்கிப் போனார்கள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அன்றும் அழைக்காமலே ஊர் மொத்தமும் வந்திருந்தது.

தேன் வைத்தார்கள், உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட பட்டாத்னிக் வைத்தார்கள், ராக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றினார்கள். ஹரலாம்பி காய்டாவை எடுத்தார். ஜனவரிக் குளிரில் ஒத்துக்குழல் வெடித்திருந்ததால் பாட்டு ஒரு கால் இல்லாத மேசை மாதிரி ஆடியது. ஆனாலும் இரண்டாவது பாட்டிலேயே நகரத்துக்காரர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத வரிகள் அவர்கள் வாயில் தாமாக வந்தன. லூபென் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு வெங்காயத்தின் மேல் பழி போட்டான். அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்தவர் பாடாமல் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்பதால் எல்லோரும் பாடினார்கள். ராதோஸ்லாவும் ஒன்பது பாட்டுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினார். நேரம் தப்பாமல் மூடினார். சத்தம் மட்டும் வரவில்லை.

ஹரலாம்பி வீட்டில் அது ஆகாது. பாடாமல் விழுங்கிய காற்று அங்கே வயிற்றில் தங்கிவிடும். 1974இல் ஆய்வுக்கு வந்த ஒரு மாவட்ட அதிகாரி இப்படித்தான் வாயை அசைத்துவிட்டு, மறுநாள் காலை கோயில் மணிக்கூண்டு உயரத்தில் இருந்தார். இரண்டு பாட்டுப் பாடி இறங்கிய பிறகு ஊருக்குச் சாலை போட்டுக் கொடுத்தார். சாலை இப்போதும் நன்றாக இருக்கிறது.

தேவதாரு மரத்தடியில் முதலில் வந்து சேர்ந்தது ராதோஸ்லாவின் மனைவி நெவ்யானா.

"ராதோ! அங்க என்ன பண்றே? இறங்கு கீழ!"

"நான் ஒண்ணுமே பண்ணல நெவ்யானா. அதான் பயமா இருக்கு."

சரிவுக் காவலர் வந்து விபத்துப் படிவத்தை எடுத்தார். 'எதன்மேல் மோதினார்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'இன்னும் இல்லை' என்று எழுதினார். லூபென் கயிறு வீசினான். ராதோஸ்லாவ் மறுமுனையைப் பிடித்ததும் லூபெனும் ஒரு சாண் மேலே போய், பயந்து கயிற்றை விட்டுவிட்டான். மணிக்கு ஒரு மீட்டர் என்று ராதோஸ்லாவ் ஏறிக்கொண்டே இருந்தார். இதில் சங்கடம் என்னவென்றால், நாலு மணிக்கு வடக்குக் காற்று கிளம்பும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் கிரீஸ், அதற்கப்பால் கடல்தான். காற்று பிடித்தால் மனிதரை எங்கே போய்த் தேடுவது என்று நெவ்யானா காவலரைக் கேட்டாள். அக்கா கணவரை உற்சாகப்படுத்தலாம் என்று லூபென் ஒலிபெருக்கியை அடுப்புக்கு அருகில் வைத்துச் சூடேற்றிக் கொண்டுவந்து முழங்க விட்டான். ராதோஸ்லாவ் பழக்கதோஷத்தில் அதற்கும் வாயை அசைத்து மூன்று மீட்டர் ஏறினார்.

"நிறுத்துடா, எருமை!" என்று நெவ்யானா தம்பியின் தலையில் கையுறையால் அடித்தாள்.

அப்போது ஹரலாம்பி காய்டாவோடு வந்து சேர்ந்தார். அண்ணாந்து அந்த வாயைப் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது.

"டாக்டரே, நேத்து எங்க வீட்ல பாடுனீங்களா?"

"பாடினேனே."

"வாய் பாடுச்சு. நீங்க பாடுனீங்களா?"

ராதோஸ்லாவ் ஊன்றுகோல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு, மூன்றாம் வகுப்பில் பாட்டு டீச்சர் தன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நல்ல பையன் ராதோ, வாயை மட்டும் அசை" என்று சொன்னதை அவர் சொன்னார். நல்ல பையன் என்பதால் முப்பத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்துவந்திருக்கிறார்.

"நம்ம கல்யாணத்துல விடிய விடியப் பாடினியேய்யா!" என்றாள் நெவ்யானா.

"அசைச்சேன்."

"குழந்தையத் தாலாட்டித் தூங்க வச்சியே?"

"கதவைச் சாத்திட்டு ரேடியோ போட்டேன்."

நெவ்யானா பனியில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவர்மேல் கோபமாகவும் இருந்தது, அந்த டீச்சரைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலவும் இருந்தது.

"பாடிருங்க டாக்டரே, மணி மூணே கால்," என்றார் ஹரலாம்பி.

"எனக்கு ஒரு சுரம்தான் வரும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. கேட்டா சிரிப்பீங்க."

"சிரிப்போம். கிரீஸ்காரன் சிரிக்கிறதுக்குப் பதிலா நாங்க சிரிச்சா என்ன கெட்டுப்போச்சு?"

ஹரலாம்பி பையை அமுக்கி, மணமகளைப் பிரிகிற தாயின் நீளமான பாட்டு ஒன்றைத் தொடங்கினார். ராதோஸ்லாவ் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். மாட்டுக்கொட்டிலில் கதவு திறக்கிற மாதிரி கனமாக, கட்டையாக ஒரே சுரம் வந்தது. லூபென் சிரிக்க வாயெடுத்தான். ஆனால் ஹரலாம்பியின் புருவம் உயர்ந்துவிட்டது. பாட்டு எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சுரம் நின்ற இடத்திலேயே நின்றது, பாட்டு சுற்றிவிட்டு அதன்மேல் வந்து சாய்ந்துகொண்டது. வெடித்துப்போன ஒத்துக்குழல் பிடித்திருந்த அதே சுரம். முதல் அடி முடிந்தபோது பல்மருத்துவர் ஒரு மீட்டர் இறங்கியிருந்தார். நல்லவேளையாக அந்த ஊர்ப் பாட்டுகள் நீளம். பதினாறு அடிகள் பாடி முடித்தார்கள். லிஃப்ட்காரர் லிஃப்ட்டை நிறுத்தினார், ஊர்ப் பெண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள், லூபென் இந்த முறை வெங்காயம் இல்லாமலே அழுதான். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ராதோஸ்லாவ் முழங்கால்வரை பனியில் வந்து இறங்கினார். காற்று சொன்னபடி வந்து, அவருடைய தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு கிரீஸ் பக்கம் போனது.

அவர் முதலில் மனைவியைத்தான் பார்த்தார்.

"ரொம்ப மோசமா இருந்துச்சா?"

"ரொம்ப மோசம்," என்று அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நிறுத்தாதே."

விஷயம் ப்ளோவ்டிவ் முழுக்கப் பரவியது. அப்படி வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட நல்ல பிள்ளைகள் நாட்டில் எத்தனை பேர் என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. மறு வருடம் அப்படி ஒன்பது பேர் ஹரலாம்பியின் பெயர்நாள் மேசையில் வாயை அசைத்துவிட்டு, மறுநாள் காலை வானத்தில் ஏறினார்கள், அதற்கு அடுத்த வருடம் இருபத்தாறு. போன பிப்ரவரியில் நாற்பத்தொரு பேர். அவர்களில் ஒரு நீதிபதியும், இரண்டு பேருந்து ஓட்டுநர்களும், நாற்பது வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றுவரும் ஒரு பெரியவரும் இருந்தார்கள். அன்று ஒரு நாள் லிஃப்ட்டை ஓட்டுவதில்லை, தேவைப்படுவதும் இல்லை. ஹரலாம்பி ஊதுகிறார், ராதோஸ்லாவ் பனியில் காலை அகட்டி நின்று, அண்ணாந்து, தன் ஒரே சுரத்தை அவர்களுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேலே இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடி வாயைத் திறக்கிறார்கள். எல்லோரும் தப்பாகத்தான் பாடுகிறார்கள். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள்.