லின் வீட்டுப் பெண்

சீனாவில், சுவான்சோ கடலோரத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மேல் சாய்தான் குடும்பப் பெயர். அந்தப் பெயரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் என்றால் என் அப்பா பிங்குன்தான். சிப்பி அடை விற்றார். பொட்டலம் கட்டக் காகிதத்தை எடுத்தாலே தொடங்கிவிடுவார்.

"இதை யாரு கண்டுபிடிச்சது தெரியுமா? சாய் லுன். எங்க பாட்டன்!"

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "அந்த மகராசன் அரண்மனை அண்ணகன். காயடிச்ச ஆளுக்கு ஏதுங்க பேரப்புள்ள? அடை கருகுது, பாருங்க."

கடையே சிரிக்கும். அப்பாவும் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் அதையே அளப்பார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது.

அப்படிப்பட்டவரிடம்தான், பக்கத்து மாவட்டத்து தெஹுயைக் கட்டிக்கொள்கிறேன் என்றேன். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், தங்கமான குணம். என்ன பிரயோசனம், அவனும் சாய்!

"ஒரே பேருல கட்டுறதா? அண்ணன் தங்கச்சி முறைடி!"

"அவங்க ஊரு வேற, வம்சம் வேறப்பா."

"எல்லா சாயும் ஒண்ணுதான்!"

குலக்கோயில் பெரியவர்களும் கையை விரித்தார்கள். தெஹுய் வீட்டிலும் அதே பாட்டு. அவன் இல்லையென்றால் எனக்கு யாருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு சந்தை நாளில் அப்பா கடை திறக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு அம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போனார். அவர்கள் லின் குடும்பம்.

"மச்சான், இவள உன் பொண்ணா எடுத்துக்க. உங்க பேரக் குடு. அப்பறம் எவன் தடுக்கறான்னு பாப்போம்."

மாமா பதறிப்போனார். "வெளையாடுறியா? உனக்கு இருக்கறது ஒரே பொண்ணுய்யா. உன் பேரச் சொல்ல யாரு மிச்சம்?"

"ஒரே பொண்ணுங்கறதாலதான் கேக்கறேன்."

கல்யாணத்தன்று தெஹுய் வீட்டு வாசலில் அவர்கள் பெரியவர் எங்களை மறித்தார். எல்லாம் தெரிந்தவர்தான். இருந்தாலும் ஊரறியக் கேட்டாக வேண்டுமாம்.

"பொண்ணு எந்த வீடு?"

மாமா வாயெடுப்பதற்குள் அப்பா சத்தமாகச் சொன்னார். "லின் வீட்டுப் பொண்ணுங்க."

"நீங்க?"

பாவி மனிதர், அதையும் கேட்டார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானா? பக்கத்து வீட்டுக்காரன்."

சொன்னவரின் கை என் கையை விடவே இல்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அங்கேதான் உடைந்தது.