அறுபத்துநாலு பங்கு சோளம்

மார்வா சாவியைத் திருப்பிய முதல் திருப்பிலேயே கறுப்பு ப்யூக் கார் கிளம்பிவிட்டது. வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்ற அவள் கணவன் லைல், "ராசாத்தி, இன்னிக்கு நல்ல மூடுல இருக்கா போல," என்று காரைப் பார்த்துச் சொன்னான். மார்வாவுக்கு மட்டும் மூஞ்சி சுருங்கிவிட்டது.

அக்டோபர் முதல் வாரம்தான். ஆனால் அயோவா மாநிலத்துக்கு அந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டு வந்திருந்தது. மாட்டுத் தொட்டித் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஐஸ் படர்ந்திருந்தது. இந்த மாதிரிக் காலையில் அந்த வண்டி ஒழுங்காகக் கிளம்பினதாகச் சரித்திரமே கிடையாது. பெட்ரோல் வண்டி என்றால் கிளம்பும். இது ஓடுவது மக்காச்சோளத்தில் இறக்கிய எத்தனால் சாராயத்தில். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அது, மிச்சம்தான் பெட்ரோல். குளிர் என்றால் எத்தனாலுக்கு ஆகவே ஆகாது. நாலு தடவை இருமும், ஐந்தாவது தடவை அணையும், திட்டினால்தான் எழுந்திருக்கும். அப்படிப்பட்டது இன்றைக்குச் சமர்த்தாகக் கிளம்பினால் சந்தோஷப்படத்தான் வேண்டும். மார்வாவின் மண்டைக்குள் மட்டும் ஏன், ஏன் என்று குடைந்துகொண்டே இருந்தது.

அவள் குணம் அப்படி. ஊர் எல்லையில் இருக்கும் எத்தனால் ஆலையில் பத்தொன்பது வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். டேங்கர் லாரி வெளியே போக வேண்டுமென்றால் இவள் கையெழுத்து வேண்டும். எத்தனால் அரைச் சதவீதம் குறைந்தாலும் லாரியைத் திருப்பி நிறுத்திவிடுவாள். டிரைவர்கள் முனகுவார்கள். இவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு வழக்கு தீர வேண்டியிருந்தது. எதிர்க்கட்சி உடன்பிறந்த தம்பி ராய்ஸ். அப்பா போனபோது வீடு மார்வாவுக்கும், நிலமும் கொட்டகையும் ராய்ஸுக்கும் என்று ஆனது. ப்யூக் நிற்பது அந்தக் கொட்டகையில். மூன்று குளிர்காலம் அவளும் லைலும் அதற்குள்ளேயே கிடந்து அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார்கள். இப்போது ராய்ஸ் புதிதாக ஒரு பெரிய அறுவடை இயந்திரம் வாங்கியிருந்தான். அதை நிறுத்த இடம் வேண்டும். ஈஸ்டர் விருந்தில் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டே விஷயத்தைக் கிளப்பினான். இந்தக் குடிகார வண்டி பத்து வினாடிக்குள்ளே கால் மைல் ஓடிக் காட்டட்டும், சோளத்திலேயே ஓடிக் காட்டட்டும், பந்தய சீசன் முடிவதற்குள் காட்டினால் கொட்டகை அக்காவுக்கே, இல்லையென்றால் வண்டி வெளியே என்றான். வெளியே என்றால் விற்பதுதான். பனியில் நிறுத்தி வைக்கிற வண்டியா அது?

இத்தனைக்கும் ராய்ஸ் நானூறு ஏக்கரில் சோளம் போடுகிறவன். விளைவதில் பாதி மார்வாவின் ஆலைக்குத்தான் போகிறது. ஆனாலும் தன் பந்தய வண்டியில் பெட்ரோலைத் தவிர வேறெதையும் ஊற்ற மாட்டான். சோளம் பன்றிக்கும் மனுஷனுக்கும்தான் என்பது அவன் கட்சி.

கோடை முழுக்க ஓடியும் மார்வாவின் சிறந்த நேரம் பத்து வினாடியும் நூற்றில் நாலு பங்கும். அதற்குக் கீழே வண்டி இறங்குவேனா என்றது. சீசனின் கடைசி நாள் அன்றைய சனிக்கிழமைதான்.

பந்தயத் தடத்துக்கு வந்து வண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கிய பிறகும் அவளுக்கு நிம்மதி இல்லை. பக்கத்தில் வெள்ளை நோவா கார் வைத்திருந்தவர் தன் டாங்கிலிருந்து கொஞ்சம் எரிபொருள் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தார். சோளத்தில் ஓட்டுகிற எல்லோரும் ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் செய்கிற வேலைதான் அது. குழாயில் கீழ்க்கோடு வரைக்கும் தண்ணீர், மேல்கோடு வரைக்கும் எரிபொருள். குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், பெட்ரோல் மேலே தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் விழும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் எத்தனாலின் அளவு.

எல்லோரும் செய்வதை மார்வா மட்டும் இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. நம் ஊர்ச் சோளம், நம் ஆலை, நான் போட்ட கையெழுத்து, நம் ஊர் கூட்டுறவு பெட்ரோல் பங்க், இதில் சோதிக்க என்ன இருக்கிறது என்ற மிதப்பு. நாள் முழுக்க ஊரான் லாரியைச் சோதிக்கிறவள் தன் டாங்கை எட்டிப் பார்க்கவில்லை.

நோவாக்காரரிடம் குழாயை வாங்கி டிரெய்லர் மறைவில் குலுக்கினாள். கோடு அறுபத்துநாலில் நின்றது. கழுவிவிட்டு இன்னொரு தடவை குலுக்கினாள். அறுபத்துநாலேதான்.

பெட்ரோல் பங்க்குக்குப் போன் போட்டாள். எடுத்த ஆள் நிதானமாகச் சொன்னான்: குளிர் சீக்கிரம் வந்துவிட்டதால் புதன்கிழமையே குளிர்காலக் கலவைக்கு மாறிவிட்டார்களாம். ஜனங்கள் வண்டி கிளம்பவில்லை என்று புகார் சொல்வதால் பெட்ரோலைக் கூட்டிவிடுவது வழக்கமாம். பங்க்கில் சின்னதாக ஒரு தாளும் ஒட்டியிருக்கிறார்களாம். மார்வா வியாழக்கிழமை நிரப்பியிருந்தாள். அவள் கையெழுத்து ஆலை வாசலோடு சரி. அதற்கப்புறம் அதில் என்ன கலந்தார்கள் என்பது அவள் கையில் இல்லை. காலையில் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது ஏன் என்று இப்போது விளங்கியது.

லைல் விஷயத்தைக் கேட்டதும், எஞ்சினின் அளவுகளை மாற்றுகிற லேப்டாப்பை மூடிவிட்டான். எண்பத்தைந்துக்கு என்று அளந்து, எஞ்சினைக் கடைசி நூல் வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறான். எத்தனால் உள்ளே போகும்போது எஞ்சினைக் குளிர்விக்கும், எவ்வளவு அழுத்தினாலும் முந்திக்கொண்டு வெடிக்காது. பெட்ரோல் கூடினால் அந்தப் பொறுமை போய்விடும். நேரத்துக்கு முன்னாலேயே வெடித்தால் பிஸ்டன் தூள்.

"வீட்டுக்குப் போயிடலாம் மார்வா," என்றான். "கொட்டகை போனா போவுது. எஞ்சின் போச்சுன்னா என்ன பண்ணுவ?"

மார்வாவுக்கும் பயம் இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் கிளம்பியிருந்தது. அறுபத்துநாலில் இது எப்படி ஓடும் என்று இதுவரை அவள் பார்த்ததே இல்லையே? குறைந்த இருபத்தொன்றுக்கு எவ்வளவு வேகம் போகும்? ஒன்றுமே போகாமல்கூட இருக்கலாமோ? காற்று வேறு இன்றைக்குக் கோடைக்காற்றைவிடக் கெட்டியாக இருக்கிறது. தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போனால் அவளுக்குக் குளிர்காலம் முழுக்கத் தூக்கம் வராது.

"தீப்பொறியைக் கொஞ்சம் தள்ளிப் போடு. டர்போவோட காத்தழுத்தத்த ரெண்டு புள்ளி இறக்கு. ஒரே ஓட்டம். கடகடன்னு சத்தம் கேட்டா அந்த நிமிஷமே காலை எடுத்துடறேன்."

லைல் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் லேப்டாப்பைத் திறந்தான்.

மூன்று மணிக்கு அவள் முறை வந்தது. பச்சை விழுந்தது. முதல் பாதி தூரம் முழுக்க அவள் காது எஞ்சினிலேயே இருந்தது. இப்போது தட்டுமோ, இப்போது தட்டுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தட்டவில்லை. அதன் பிறகு அவளுக்குப் பயம் விட்டுப்போய், அடடா, ஓடுகிறதே என்று சிரிப்பே வந்துவிட்டது. கோட்டைத் தாண்டித் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தாள். 9.97.

திரும்பி வரும்போது ராய்ஸ் அவர்கள் டிரெய்லர் பக்கத்தில் காத்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் சுலபத்தில் தோல்வியை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை; ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவனும் இல்லை. சுற்றி நாலைந்து பேர் நிற்கும்போதே கொட்டகை அக்காவுக்குத்தான், தன் இயந்திரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினான்.

லைல் அவளைப் பார்த்தான். சும்மா இரு என்றது அந்தப் பார்வை. அவளுக்கும் சும்மா இருக்கத்தான் ஆசை. மூன்று வருஷ உழைப்பு, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அந்தக் கோடு எங்கே நின்றது என்று இவர்கள் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்?

"கொஞ்சம் இரு ராய்ஸ்," என்றாள். "டாங்குல எண்பத்தஞ்சு இல்ல. குளிர்காலக் கலவை. அறுபத்துநாலுதான் சோளம், மீதி உன் பெட்ரோல். ஓடறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

ராய்ஸ் நீட்டிய கையை இறக்கினான். "இத ஏன் இப்ப எங்கிட்ட சொல்ற?"

"நீ சோளத்துலதான் ஓடணும்னு சொன்ன. அரைப் புள்ளி குறைஞ்சதுக்கு நான் லாரியத் திருப்பி அனுப்பறவடா. இத மட்டும் எப்படி விடறது?"

ராய்ஸ் குழாயைக் கேட்டு வாங்கினான். டாங்கிலிருந்து தானே எடுத்து ஊற்றி, கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்கினான். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோடு தெளியும் வரைக்கும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். மார்வா கொட்டகையில் எதை முதலில் அப்புறப்படுத்துவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அறுபத்துநாலு," என்றான் கடைசியில். "அக்கா, பத்தாவதுல கணக்குல நான் எவ்வளவு எடுத்தேன்னு ஞாபகம் இருக்கா? அறுபத்தொண்ணு. பாஸ் மார்க்குக்கு ஒண்ணு மேல. அதுக்கு அப்பா குடும்பத்தையே கூட்டிட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன? நம்ம வீட்டுல அறுபத்துநாலுன்னா பாஸ்."

மார்வாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டிரெய்லர் படியில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ராய்ஸ் குழாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.