வடிகட்டியில் தங்கியது

என் அமீபாக்கள் மூன்றாவது முறையும் செத்துப்போனபோது ஜெகநாதன் சார் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கை சுத்தமில்லை என்றார். தார்நாகாவில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நான் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அந்த வார்த்தை எனக்கு எங்கே போய்க் குத்தும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருப்பார்.

அது 2010, ஜூலை. தேங்கிய தண்ணீரில் அமீபாவுக்குள் வாழும் பாக்டீரியாக்களைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. நல்ல சாம்பிள் கிடைக்காமல் நான்தான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா கோவிந்தராஜன் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவரைத் தேய்த்துக் கழுவுகிறவர். முகமூடி இல்லாமல் உள்ளே இறங்கி, சுவரில் படிந்த வழவழப்பைத் தண்ணீரோடு சுரண்டி, யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். அதை அமீபாக்கள் மேல் ஊற்றிய நாளிலிருந்துதான் இந்தச் சாவு.

எது கொல்கிறது என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரை மிக நுண்ணிய வடிகட்டியில் விடுவோம். கீழே இறங்கியது கொன்றால் வைரஸ். மேலே தங்கியது கொன்றால் பாக்டீரியா. வடிந்த நீரில் அமீபாக்கள் சுகமாக ஊர்ந்தன. ஆகவே பாக்டீரியா என்று எழுதிவிட்டு, வடிகட்டியைக் குப்பை வாளியில் போட்டேன். ஆனால் எந்த ஆன்டிபயாடிக்கும் அதை நிறுத்தவில்லை. பாக்டீரியா என்றால் இருந்தே தீர வேண்டிய மரபணுவைத் தேடினேன். அதுவும் இல்லை.

அந்த வாரம் அப்பா இருமத் தொடங்கினார். நான்காம் நாள் மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார் டாக்டரம்மா. சளியில் ஒன்றும் வளரவில்லை, ஃப்ளூவும் இல்லை, எதனால் என்று தெரியவில்லை என்றார். என் நோட்டிலும் கடைசியாக அதையேதான் எழுதியிருந்தேன்.

மறுநாள் அதே தண்ணீரை மறுபடி வடித்து, இந்தத் தடவை வடிகட்டியை வாளியில் போடாமல், அதைக் கழுவிய நீரை அமீபாக்கள் மேல் விட்டேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பார்க்கும் தேவசகாயம் அண்ணன் திரையைக் காட்டினார். ஆறு பக்கம், சுற்றிலும் ரோமம்.

"பாக்டீரியான்னு கொண்டாந்தியேம்மா. இது வைரஸ். வடிகட்டில எறங்க முடியாத அளவுக்குப் பெருத்துப்போன வைரஸ்."

இப்படி ஒன்று இருப்பதாக ஐரோப்பாவில் அறிவித்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. அன்று முழுக்கப் படித்தேன். ஆயிரத்துக்குக் கிட்ட மரபணுக்கள். வைரஸிடம் இருக்கவே கூடாத, புரதம் செய்யும் கருவிகள்கூடச் சில. உயிரின் மிகப் பழைய கிளை என்றது ஒரு கட்சி. கண்ட இடத்திலெல்லாம் திருடிச் சேர்த்தது என்றது இன்னொரு கட்சி. அந்தச் சண்டை எனக்கெதற்கு? பாக்டீரியா அளவு இருப்பதால் அமீபா அதை இரை என்று விழுங்குகிறது. உள்ளே போனதும் அது அமீபாவையே தன் தொழிற்சாலையாக்கி, கடைசியில் வெடித்து வெளியே வருகிறது. நம் நுரையீரலிலும் அமீபா போலவே ஊர்ந்து துகள்களை விழுங்கும் செல்கள் இருக்கின்றன. அந்த வரியில் நிறுத்திவிட்டேன். மனிதனுக்கு நோய் தருமா என்பதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை.

சாரிடம் சொன்னேன். அவர் முகத்தில் பயம் தெரியவில்லை, வெளியிடப்போகும் பேப்பர்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதே என்றார். திறந்தேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதுவே என்றாலும் என்ன மருந்து கொடுப்பது என்று அந்த ஊர்த் தெலுங்கில் கேட்டார். மருந்து இல்லை.

அப்பாவின் ரத்தம் கொஞ்சம் வாங்கி வந்தேன். வைரஸை ஸ்லைடில் ஒட்டி, மேலே ரத்தத்தின் தெளிநீரை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்தேன். உடம்பு அதை முன்பே சந்தித்திருந்தால் பச்சையாக மின்னும். ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அதற்கு லேபில் எப்போதும் அவரவர் கையையே குத்திக்கொள்வோம்.

அப்பாவுடையது மின்னியது. என்னுடையதும் மின்னியது.

இருமலே இல்லாத நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை எல்லோருக்கும் மின்னலாம், சோதனையே சொத்தையாக இருக்கலாம். சாரின் அறைக்குப் போனேன்.

"சார், கையக் குடுங்க. ரத்தம் வேணும்."

"என் ரத்தம் எதுக்கு?"

"நீங்க லேப் பெஞ்ச் பக்கம் வந்து எத்தன வருஷமாச்சு? அதுக்குத்தான்."

அவர் ஸ்லைடு கறுப்பாகவே இருந்தது. மூன்று தடவை பார்த்தேன். ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். தொட்ட இருவரும் மின்னினோம், தொடாதவர் மின்னவில்லை. அதுவும் தெரியும்.

அப்பாவுக்கு ஜுரம் இறங்கியது. ஏன் வந்தது என்று தெரியாதது போலவே ஏன் போனது என்றும் யாருக்கும் தெரியவில்லை. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தவர், திங்கட்கிழமை டவரில் இறங்க வேண்டும் என்றார்.

"நக்கோப்பா, வேணாம். வேற வேல பாக்கலாம்."

"கைக்கு, எதுக்கு? அம்பத்திரெண்டு வயசுல எவன் வேல குடுப்பான்? பாட்டில் விஷயம் வெளிய போனா இதுவும் போயிரும். பேசாம இரு பிந்து."

என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார். மாடிக்குப் போய்த் தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். உங்கள் டவர் தண்ணீரைக் கோவிந்தராஜன் திருடிக் கொடுத்தார், வாங்கியவள் அவர் மகள் நான் என்றேன். அதில் என்ன இருக்கிறது, இறங்குகிறவருக்கு என்ன வரலாம் என்றும் சொன்னேன். மேனேஜர் அப்பாவின் வேலை டோக்கன் நம்பரை மட்டும் கேட்டார். சொன்னேன். திங்கட்கிழமை அப்பாவுக்குப் பதில் யாரை இறக்குவீர்கள் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.